கையெழுத்து மட்டும்தானே?

கேள்வி: நான் ஒயரிங் கான்ட்ராக்டர். அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். மனைவியின் தம்பி ஆறு வருடம் என்னிடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது தனியாக வேலை எடுக்கிறான். அவனிடம் லைசென்ஸ் இல்லாததால், அவன் செய்யும் வீடுகளுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் நான் கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிறேன். புதுப்பிக்கும் செலவில் பாதி கேட்டேன். அதிலிருந்து மாமியார் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் கேட்டது தப்பா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: பணத்தை அப்புறம் பார்ப்போம் தம்பி. ‘கையெழுத்து மட்டும்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்கு வாருங்கள்.

500 வோல்ட் மெகர் (ஒயரின் மின்காப்பை, அதாவது இன்சுலேஷனை, அளக்கும் கருவி) வைத்து ஒரு நிமிடம் பார்த்தேன், இன்சுலேஷன் 1 மெகா ஓமுக்குக் குறையவில்லை, எர்த் சரியாக இருக்கிறது. இதையெல்லாம் நீங்களே நின்று பார்த்ததாகத்தான் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம். ஆனால் நீங்கள் அந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை. மச்சினன் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டானா, அது அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று பைபாஸ் செய்துவிட்டானா? உங்களுக்குத் தெரியாது. மின்வாரியம் உங்களை நம்பி சர்வீஸ் கொடுக்கிறது. அந்த வீட்டுக்காரம்மா ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடுகிறார்.

ஏதாவது நடந்துவிட்டால் மச்சினன் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது, உங்கள் பெயர்தான் இருக்கும். அலட்சியத்தால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. லைசென்ஸ் போவதெல்லாம் அதற்கு முன்னால் சின்ன விஷயம்.

மச்சினனுக்கு உதவியதாக நினைக்கிறீர்கள். அக்கா புருஷன் என்பவன் அப்பாவுக்கு அடுத்த இடத்தில் நிற்க வேண்டியவன், நான் அப்படித்தான் நம்புகிறேன். அந்தக் கடமையை நீங்கள் செய்யவே இல்லை! ஆறு வருடம் வேலை வாங்கினீர்கள், ஒரு பரீட்சைக்கு அனுப்பத் தோன்றவில்லை. அரசு ஐடிஐகளில் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறார்கள். 21 வயது நிறைந்து, ஒயரிங்கில் 5 ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும். மேல் வயது வரம்பு கிடையாது. அறிவிப்பு வந்ததும் வாங்கி, மற்ற தகுதிகளையும் அவனோடு உட்கார்ந்து படியுங்கள். அவனுடைய அனுபவத்துக்குச் சாட்சி சொல்ல உங்களைவிட வேறு யார் இருக்கிறார்கள்? அது முதல் படிதான். அதிலிருந்து மேலே ஏறுவது அவன் கையில். அதுவரை அவன் உங்கள் வேலையில், உங்கள் கண் முன்னால் இருக்கட்டும். தனியாக வேலை எடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். மாமியார் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இப்போது உங்கள் கேள்வி. ஆமாம், கேட்டது தப்பு. அந்தப் பாதியை வாங்கினால் லைசென்ஸை வாடகைக்கு விட்டதாகிவிடும். புதுப்பிக்கும் செலவு முழுக்க உங்களுடையது. தேதி முடியும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

அப்புறம், பார்க்காமல் கையெழுத்துப் போட்ட வீடுகளைப் பட்டியல் எடுத்து, மெகரோடு ஒவ்வொன்றாகப் போய்ச் சோதியுங்கள். மச்சினனையும் கூட்டிப் போங்கள். தப்பு இருந்தால் வீட்டுக்காரரிடம் ஒரு ரூபாய் வாங்காமல் சரிசெய்து கொடுங்கள். அந்தச் செலவில் வேண்டுமானால் அவனிடம் பாதி கேளுங்கள்.