சைக்கிள் மெதுவாகத்தானே போகிறது, நடைபாதையில் ஓட்டினால் என்ன ஆபத்து?

நடைபாதை என்பது வீதியோரத்தில் நடப்பவர்களுக்கென்றே ஒதுக்கிய இடம். மட்டக்களப்பு மேடு பள்ளமில்லாத ஊர், சைக்கிள் ஓட்டச் சுகமானது. பஸ்ஸுக்கும் லொறிக்கும் பயந்து சிலர் நடைபாதையில் ஏறுகிறார்கள். அந்தப் பயம் விளங்குகிறது. ஆனால் அதே பயத்தை நடப்பவர் தலையில் இறக்கி வைப்பது சரியில்லை.

ஆபத்து வேக வித்தியாசத்தில்தான் இருக்கிறது. நடப்பவர் மணிக்கு 5 கிலோமீற்றர் போனால், சாதாரண சைக்கிள் 15 போகும். வேகம் 3 மடங்கானால் மோதலின் சக்தி, அதே எடைக்கு, 9 மடங்கு. இந்த வேகத்தில் சைக்கிள் ஒரு செக்கனில் 4 மீற்றர் கடந்துவிடும். ஆளைக் கண்டு பிரேக்கைப் பிடிப்பதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும். நடப்பவரோ சிக்னல் போட்டுத் திரும்புவதில்லை. திருமலை வீதியில் மரக்கறிப் பையோடு போகும் ஓர் அம்மா, கடைக் கண்ணாடிக்குள் சாறி ஒன்றைக் கண்டதும் சட்டென்று பக்கவாட்டில் ஓர் அடி வைப்பார். பின்னால் வரும் சைக்கிளின் சத்தம் அவருக்குக் கேட்காது. வயதானவர் விழுந்தால் இடுப்பெலும்பே முறியலாம். பிறகு பழையபடி நடப்பது பெரும்பாடு.

ஆடி அமாவாசைக்கு இங்குள்ள மாமாங்கக் கோயிலில் நடந்துபோகும் சனத்துக்குள் ஒருவர் மட்டும் ஓடினால் எப்படி, அப்படித்தான் இதுவும். நடைபாதையில் ஏறியே ஆக வேண்டுமென்றால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

"மணி அடித்தால் விலகுவார்கள்தானே" என்று பலர் நினைக்கிறார்கள். திடுக்கிட்டவர் எந்தப் பக்கம் விலகுவார் என்று அவருக்கே தெரியாது, சிலர் சைக்கிளுக்கு முன்னாலேயே வந்துவிடுவார்கள்.