ஹைவேயில் வேகத்தடை கேட்காதீர்கள், எஃப்.ஐ.ஆர். கேளுங்கள்

கேள்வி: பெருந்துறையைத் தாண்டி, சேலம்–கோவை நான்கு வழிச்சாலையை ஒட்டியது எங்கள் ஊர். மில் பஸ் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். காலை ஷிஃப்ட்டுக்குப் போகும் பெண்கள் இருபது முப்பது பேர் இருட்டோடு ரோட்டைக் கடக்கிறோம். என் அப்பாவும் சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு அதே இடத்தில்தான் சொசைட்டிக்குக் கடந்து போகிறார். மூன்று வருடத்தில் அங்கே ஒருவர் இறந்திருக்கிறார். நான்கு பேருக்குக் கை கால் முறிந்திருக்கிறது. ஹைவேஸ் ஆபீசில் ஆள் தெரியும், வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுங்கள், வேகத்தடை போட வைக்கிறேன் என்று ஊரில் ஒருவர் கேட்கிறார். அடிபட்டவர்களுக்கு வண்டிக்காரரிடம் பேசிப் பணம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கொடுக்கலாமா? — வாசகி, ஈரோடு மாவட்டம்

பதிலளிப்பவர்: நெடுஞ்சாலைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர்

கொடுக்க வேண்டாம் அம்மணி. ஒரு ரூபாய் கூட வேண்டாம். அவர் சொல்கிற வேலையை அவருக்குத் தெரிந்த ஆளாலும் செய்ய முடியாது, அந்த ஆளுக்கு மேலே இருப்பவராலும் முடியாது. தேசிய நெடுஞ்சாலையின் பிரதான பாதையில் வேகத்தடை கூடாது என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கொள்கை. ஏற்கெனவே இருப்பதையே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாக சிமென்ட் கலவை கொட்டி ஒரு மேடு கட்டுவார்கள், அல்லது நட்டு போல்ட்டு போட்டு ரப்பர் கட்டைகளைப் பதிப்பார்கள். அதுதான் நடக்கும்.

அந்த மேடு என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு அங்கே மேடு இருப்பது தெரியாது. போர்டு இருக்காது, வெள்ளைக் கோடு இருக்காது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும் பெண்தான் முதலில் தூக்கி எறியப்படுவார். லாரி கண்டுகொண்டு சடாரென்று பிரேக் போட்டால், பின்னால் வரும் வேன் அதன் அடியில் போகும். போலீஸ் கேட்கும்போது மேடு கட்டியவர்கள் யார் என்றால் ஊர்க்காரர்கள்தான். ஹைவேயைச் சேதப்படுத்துவது தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நடுவில் மீடியன் கம்பியை அறுத்து வழி பண்ணுவதும் அதே கணக்குத்தான்.

இதில் ஒரு விலக்கு உண்டு. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். வேகத்தடை கூடாது என்பது பிரதான பாதைக்கு. உங்கள் ஊர் ரோடு வந்து ஹைவேயில் சேருகிற வாய் இருக்கிறதே, அங்கே வேகத்தடை போடலாம், போடவும் வேண்டும். ஊருக்குள்ளிருந்து பைக்கில் வருகிறவர்கள் நிற்காமல் நேராக ஹைவேயில் ஏறுவதை அது தடுக்கும். அந்த ரோடு பஞ்சாயத்துடையதோ, ஒன்றியத்துடையதோ, மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதோ, கேட்க வேண்டிய இடம் அதைப் பொறுத்து மாறும். மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. அங்கேயும் கண்டபடி கட்டக் கூடாது. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு அளவு சொல்லியிருக்கிறது: அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர், 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அலுங்காமல் ஏறி இறங்க வேண்டும். முன்கூட்டியே எச்சரிக்கைப் போர்டு, மேலே பட்டை பட்டையாக பெயின்ட். நம் ஊர்களில் ஒரு அடி அகலத்தில் முழங்கால் மேடு மாதிரி கட்டியிருப்பதெல்லாம் இந்த அளவுக்குள் வராது. பிரதான பாதையில், அந்த இடத்துக்கு முன்னால் தடதடவென்று அதிரும் மெல்லிய பட்டைகள் போடலாம். அது வேகத்தடை அல்ல. வண்டியை அது நிறுத்தாது, தூங்கி வழியும் டிரைவரை எழுப்பும். எனவே மனுவில் "ஹைவேயில் வேகத்தடை வேண்டும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். "விதியில் இடமில்லை" என்று ஒரே வரியில் பதில் எழுதி ஃபைலை மூட அதைவிட நல்ல வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்காது.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேகத்தடை அல்ல. அடிபட்டவர்களுக்குப் "பேசிப் பணம் வாங்கிக் கொடுத்த" அந்த மனிதர்.

அரசாங்கத்துக்கு ஒரு இடம் ஆபத்தானது என்று எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்து அல்ல. அமைச்சகம் ஒரு வரையறை வைத்திருக்கிறது. சுமார் 500 மீட்டர் நீளத்தில், மூன்று ஆண்டுகளில், உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து நடந்திருந்தால், அல்லது மொத்தம் பத்துப் பேர் இறந்திருந்தால், அது கரும்புள்ளி. பிளாக் ஸ்பாட் என்பார்கள். அப்படிப் பட்டியலில் ஏறிவிட்டால்தான் முதலில் போர்டு, கோடு, விளக்கு, அதிர்வுப் பட்டை என்று உடனடி வேலைகளும், அப்புறம் சுரங்கப்பாதை போன்ற பெரிய வேலைகளும் பேச்சுக்கு வரும்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். ஒரு சாவு, நான்கு எலும்பு முறிவு. தனித்தனி விபத்துகள் என்றால் ஆக மொத்தம் ஐந்து. உங்கள் ஊர் வாசல் அந்த வரையறைக்குள் வருகிறது. ஆனால் ஸ்டேஷன் பதிவில் எத்தனை இருக்கும்? போஸ்ட்மார்ட்டம் நடந்திருக்கும் என்பதால் அந்த ஒரு சாவு இருக்கும். மற்ற நான்கையும் அவர் பேசி முடித்துவிட்டார். இருபதாயிரமோ முப்பதாயிரமோ கைமாறியிருக்கும், அதில் அவருக்கும் ஒரு பங்கு போயிருக்கும். காகிதத்தில் அந்த இடம் மூன்று வருடத்தில் ஒரே ஒரு விபத்து நடந்த நல்ல ரோடு. அதே மனிதர் இப்போது உங்களிடம் வேகத்தடைக்கு வசூல் செய்கிறார்.

இவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே நிற்கிறார்கள். என்ன சொல்வார்கள் தெரியுமா? "கேஸ் போட்டால் கோர்ட்டுக்கு அலையணும், நீங்க பார்க்காம ரோட்டுல ஏறினதா உங்க மேலயே எழுதிருவாங்க, ஆஸ்பத்திரிச் செலவும் உங்க தலையில" என்பார்கள். கடைசியாகச் சொன்னது சுத்தப் பொய். 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். நடந்து போனவர், சைக்கிளில் போனவர் எல்லோருக்கும் பொருந்தும்.

உயிர் போன வழக்கை இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ள சட்டத்தில் இடமே இல்லை. காயம்பட்ட வழக்கிலும் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் நஷ்டஈட்டுக்குப் போனால் திண்டாடுவீர்கள். நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம். புரோக்கர் இழுத்தடிக்கும் ஒவ்வொரு வாரமும் அதில் கழியும். வக்கீலிடம் போனால், வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று பேரம் பேசுபவரிடம் போகாதீர்கள். அப்படிப் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிக்கே விரோதம். இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டாலும், எந்த வண்டி என்றே தெரியாவிட்டாலும், அரசுத் திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. அதற்கும் போலீஸ் பதிவு வேண்டும்.

ஸ்டேஷனில் இன்னொரு பொறி இருக்கிறது. "இப்போதைக்கு சி.எஸ்.ஆர். போட்டுத் தருகிறோம், எஃப்.ஐ.ஆர். அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டும்தான். அதை வைத்து எந்த இடமும் கரும்புள்ளி ஆகாது. மறுத்தால் புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதும் கவனம். பதற்றத்தில், அல்லது புரோக்கர் சொல்லிக் கொடுத்து, "தானாக விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிடாதீர்கள். விபத்துப் பதிவேட்டில் அப்படி ஏறிவிட்டால் பிறகு அதை மாற்ற படாதபாடு படவேண்டும். எந்த இடம், எந்தப் பக்கம் போன வண்டி என்று சொல்லி எழுதவையுங்கள்.

பழைய நான்கு பேருக்கு இப்போது போய் எஃப்.ஐ.ஆர். கேட்டால் ஸ்டேஷனில் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே ரிப்போர்ட் எல்லாம் வீட்டில் இருக்குமே, அவற்றின் நகல்களை வாங்குங்கள். தேதியும் நேரமும் போட்டு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கட்டணத்தோடு, கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த இடத்தில் பதிவான விபத்துகளின் எஃப்.ஐ.ஆர். எண், தேதி, இறப்பா காயமா என்ற விவரம் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அவர்கள் பட்டியலையும் உங்கள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனுவோடு இணையுங்கள். விடுபட்டது எது என்று பார்த்தவுடன் தெரியும்.

மனுவைக் கலெக்டரிடம் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் கலெக்டர்தான். மனுவிலேயே "இதைக் குழுவின் கூட்டத்தில் வைக்க வேண்டும்" என்று எழுதுங்கள். நகல் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கும் எஸ்.பி.க்கும் போகட்டும். கலெக்டர் வழியாகப் போவதற்குக் காரணம் இருக்கிறது. தனித்தனியாகக் கேட்டால் ஆணையம் போலீஸைக் காட்டும், போலீஸ் ஆணையத்தைக் காட்டும், சர்வீஸ் ரோட்டில் விளக்கு எரியவில்லை என்றால் கரண்ட் பில் யார் கட்டுவது என்று பஞ்சாயத்தும் சேர்ந்து சண்டை போடும். கம்பம் நட்ட பிறகு வருடக்கணக்கில் விளக்கு எரியாமல் நின்ற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். சுங்கச்சாவடியில் பணம் வாங்குவதில் மட்டும் யாருக்கும் எல்லைக் குழப்பம் வருவதில்லை. வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரத்தை மீறி, அதனால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ பொறுப்பானவர்களுக்கு அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 198-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எவ்வளவு? அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். ரோடு போடும் ஒப்பந்ததாரருக்கு அது டீச்செலவு.

நடப்பவர்களுக்கென்று விதி செய்யும் அதிகாரத்தையும் அதே திருத்தம் மாநிலங்களுக்குக் கொடுத்தது. ஆறு வருடம் கழித்து, 2025 அக்டோபரில், அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் செய்து முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அந்த வழக்கைப் போட்டவர் நம் கோவைக்காரர், கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன். அவர் வழக்குத் தொடுத்தது 2012-இல். முறிந்த எலும்புகளைச் சேர்த்து வைக்கும் ஒரு டாக்டர் நீதிமன்றம் போய்த்தான் நடப்பவனுக்கு விதி கேட்க வேண்டியிருக்கிறது.

என்ன கேட்பது? முதலில் மில் நிர்வாகத்திடம் கேளுங்கள். பஸ் ஹைவேயில் எதிர்ப்பக்கம் நிற்பதற்குப் பதில், அடுத்த சுரங்கப்பாதை வழியாகத் திரும்பி சர்வீஸ் ரோட்டில் ஊர்ப்பக்கம் வந்து ஏற்றிக்கொள்ளட்டும். சில நிமிடமும் கொஞ்சம் டீசலும்தான் கூடுதல் செலவு. முப்பது பெண்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் இது ஒரு வாரத்தில் நடக்கும், அரசாங்கத்தையே எதிர்பார்க்க வேண்டியதில்லை.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது நடப்பவர்களும் சைக்கிளும் போகும் சுரங்கப்பாதை. அது வரும்வரை உயர்கோபுர விளக்கு, எச்சரிக்கைப் போர்டு, அதிர்வுப் பட்டை, வேகக் கேமரா. நடை மேம்பாலம் தருகிறோம் என்றால் யோசியுங்கள். உங்கள் அப்பா பால் கேனோடு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு படி ஏறுவாரா? மாட்டார். கீழேதான் கடப்பார். கடைசியில் பாலம் விளம்பரப் பலகை மாட்டுவதற்குத்தான் பயன்படும்.

விளக்கை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கத்தின் இரண்டு தடமும் ஓரமும் சேர்த்து எட்டரை மீட்டர். சாதாரணமாக நடப்பவருக்கு ஏழு நொடி ஆகும். 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த ஏழு நொடியில் 175 மீட்டர் வந்துவிடும். டிம் லைட் வெளிச்சமோ நாற்பது ஐம்பது மீட்டருக்குத்தான். ஆளைப் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்தத் தூரம் தீர்ந்துவிடும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் உயிர் மிஞ்சும். கார் மோதும் வேகம் 50-இலிருந்து 65 கிலோமீட்டருக்குக் கூடினாலே, நடப்பவர் சாகும் அபாயம் நாலரை மடங்கு ஆகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

தைப்பூசத்துக்குப் பழனி போகிறவர்களின் பையிலும் தடியிலும் போலீஸ் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்களே, அதே பட்டையை வாங்கி அப்பாவின் சைக்கிள் மட்கார்டிலும் பால் கேனின் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். கடப்பவரைப் பக்கவாட்டில்தான் டிரைவர் பார்ப்பார், ஆகவே பின்னால் மட்டும் ஒட்டினால் போதாது.

மனு கொடுத்து ரசீது வாங்கிய பிறகு, "கள ஆய்வு செய்யப்படும்" என்று பதில் வரும். வருகிறவர் காலை பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கி, கடக்க ஒரு ஆள்கூட இல்லாத ரோட்டைப் பார்த்துவிட்டு, பாதசாரிகள் நடமாட்டம் குறைவு என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். அதனால் மனுவிலேயே எழுதிவிடுங்கள்: ஆய்வை ஷிஃப்ட் மாறும் நேரத்தில், விடிவதற்கு முன்னால் செய்ய வேண்டும், தேதியை முன்கூட்டியே எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் வரும் அன்று, எத்தனை நிமிடத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று அவரையே எண்ணச் சொல்லி, அந்த எண்ணிக்கையை ஆய்வுக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.