தீசிஸ் நம்மளோடது, முதல் பேர் யாரோடது?

கேள்வி: போன வருஷம் சென்னைல ஒரு தனியார் மெடிக்கல் காலேஜ்ல எம்டி முடிச்சேன் சார், அதே டிபார்ட்மென்ட்ல இப்போ சீனியர் ரெசிடென்ட். தீசிஸை பேப்பரா எழுதி ஹெச்ஓடி மேடம்கிட்ட குடுத்தேன், அவங்கதான் என் கைடும். படிச்சிட்டு, ப்ரொமோஷனுக்கு பேப்பர் தேவைப்படற ஒரு அசிஸ்டன்ட் ப்ரொஃபசர் பேரை முதல்ல போடுங்க, என் பேர் ரெண்டாவது, உங்க பேர் மூணாவதுன்னு சொல்லிட்டாங்க. அந்த சார் என் தீசிஸ்ல ஒரு வேலையும் பண்ணல. அவரே ஒரு வாட்ஸ்அப் நம்பர் குடுத்து இங்க அனுப்புங்க பத்து நாள்ல வந்துடும்னாரு. அனுப்பினேன், நாலாவது நாளே 'அக்செப்டட்'னு மெயில் வந்துடுச்சு, 15,000 ரூபா கட்டணுமாம். இன்னும் கட்டல. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்ல மேடம்தான் கையெழுத்து போடணும். என்ன பண்றது?

பதில்: முதல்ல அந்த 15,000 கட்டாதீங்க தம்பி. காப்பிரைட் ஃபார்ம்னு ஒண்ணு அனுப்பியிருப்பாங்க, அதுலயும் கையெழுத்து போடாதீங்க. மத்ததெல்லாம் ஆற அமர பாத்துக்கலாம், இது ரெண்டையும் பண்ணிட்டா அப்புறம் திரும்பி வர வழி ரொம்ப குறுகலாயிடும்.

நாலு நாள்ல ஒரு கிளினிக்கல் பேப்பரை ஒழுங்கா ரிவியூ பண்ண, அதாவது வெளி நிபுணர்கள் படிச்சு சரிபாக்க, யாராலயும் முடியாது. ரிவியூவர் கிடைக்கறதுக்கே வாரக்கணக்கா ஆகும்னு எடிட்டர் வேலை பாத்த யாரை கேட்டாலும் சொல்வாங்க. 2013ல ஜான் போஹானன்னு ஒரு பத்திரிகையாளர், வேணும்னே தப்பும் தவறுமா ஒரு போலி மருந்து ஆராய்ச்சி பேப்பர் எழுதி 304 ஓப்பன் ஆக்சஸ் ஜர்னலுக்கு (யாரும் காசில்லாம படிக்கற ஜர்னல்) அனுப்பினார், 157 ஜர்னல் ஏத்துக்கிச்சு, அந்த விவரம் சயன்ஸ் பத்திரிகைலயே வந்துச்சு. நம்ம ஊர் ஹைதராபாத்ல இருந்து நடந்த ஓமிக்ஸ் கம்பெனி மேல அமெரிக்க கோர்ட் 2019ல 50.1 மில்லியன் டாலர் கட்ட உத்தரவு போட்டதும் இதே மாதிரி விவகாரத்துலதான், ஒழுங்கா ரிவியூ பண்ணாம பண்ணினதா சொல்லி காசு வாங்கினாங்கன்னு. அதுக்காக காசு வாங்கற ஜர்னல் எல்லாமே மோசம்னு நினைச்சுக்காதீங்க, நல்ல ஜர்னல் நிறைய பேர் சார்ஜ் வாங்கறாங்க, ஆனா அவங்க ரேட்டை வெப்சைட்லயே போட்டிருப்பாங்க, வாட்ஸ்அப்ல பேசி குறைக்க மாட்டாங்க. இந்த ஏஜென்டுங்க இப்போ அடுத்த கட்டத்துக்கும் போயிட்டாங்க, டெலிகிராம் குரூப்ல எழுதி முடிச்ச பேப்பரை வச்சுகிட்டு பேப்பர் எழுதினவரா பேர் போட ஃபர்ஸ்ட் ஆதர்க்கு ஒரு ரேட், செகண்ட் ஆதர்க்கு ஒரு ரேட்னு ஷேர் ஆட்டோ சீட்டு மாதிரி கூவி விக்கறாங்க. அந்த நம்பர்ல உங்க டேட்டா இப்போ கிடக்குதுன்றதுதான் எனக்கு பணத்தை விட பெரிய கவலை.

இப்போ பேர் விஷயத்துக்கு வரேன், அதுதான் உங்களை தூங்க விடாம பண்ணுதுன்னு கேள்வியை பாத்தாலே தெரியுது.

மருத்துவ ஜர்னல் எடிட்டர்களோட சர்வதேச கமிட்டி, ஐசிஎம்ஜேஈ, யார் ஆதர்ன்றதுக்கு நாலு நிபந்தனை வச்சிருக்கு. ஆராய்ச்சியை திட்டமிட்டதுலயோ டேட்டா சேத்ததுலயோ அதை அலசினதுலயோ உருப்படியான பங்கு இருக்கணும், பேப்பரை எழுதவோ ஆழமா திருத்தவோ செய்திருக்கணும், கடைசி வெர்ஷனுக்கு சம்மதம் சொல்லியிருக்கணும், அப்புறம் இந்த பேப்பர்ல எந்த கேள்வி வந்தாலும் அதுக்கு பதில் கிடைக்க வைக்கற பொறுப்பை ஏத்துக்கணும். நாலும் வேணும், நாலுல ஏதோ ஒண்ணுன்னு இல்ல. கடைசி நிபந்தனையை 2013லதான் சேத்தாங்க, அதை சேக்கற அளவுக்கு ஊர்ல அட்டூழியம் நடந்திருக்குன்னு அர்த்தம். ஹெச்ஓடியா இருக்கறது, ஃபண்ட் வாங்கி குடுத்தது, பேஷண்டை அட்மிட் பண்ணது, இதெல்லாம் தனியா ஆதர்ஷிப் தராது, நன்றி சொல்ற பகுதில போட்டா போதும். காசு குடுத்து ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட்டு வாங்குனீங்கன்னா அவருக்கும் அதே இடம்தான், டிசைன்லயும் எழுதறதுலயும் கூட இருந்திருந்தா வேற கதை.

'மேடம் பேர் போடறது மரியாதை'ன்னு நம்ம காலேஜ்கள்ல சொல்வாங்க இல்ல, அந்த மரியாதை என்ன பண்ணும்னு லண்டன்ல நடந்த ஒரு கேஸை சொல்றேன். 1994ல மால்கம் பியர்ஸ்னு செயின்ட் ஜார்ஜ்ஸ் ஆஸ்பத்திரி மகப்பேறு டாக்டர், கருக்குழாய்ல தங்கின கர்ப்பத்தை எடுத்து கர்ப்பப்பைல வச்சு குழந்தை பொறந்துச்சுன்னு கேஸ் ரிப்போர்ட் போட்டார். உலகமே அசந்து போற விஷயம். ஆனா அப்படி ஒரு பேஷண்டே இல்ல, எல்லாம் கட்டுக்கதை. அதுல கூட பேர் போட்டிருந்தவர் அவரோட துறைத்தலைவர் ஜெஃப்ரி சேம்பர்லெய்ன், அது வெளிவந்த ஜர்னலுக்கும் அவர்தான் எடிட்டர், அவர்தான் ராயல் காலேஜ் மகப்பேறு மருத்துவர் சங்கத்துக்கு தலைவர். விஷயம் வெடிச்சப்போ, துறைத்தலைவர் பேரை மரியாதைக்கு போடறது வழக்கம், எனக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமில்லன்ற மாதிரி சொல்லி பாத்தார். எடுபடல, எடிட்டர் பதவியும் போச்சு தலைவர் பதவியும் போச்சு. பியர்ஸை மெடிக்கல் ரெஜிஸ்டர்ல இருந்தே நீக்கிட்டாங்க. இந்த மாதிரி கேஸ்களை பாத்து அலுத்துப்போன பிரிட்டிஷ் மருத்துவ எடிட்டர்கள் சிலர் சேந்துதான் 1997ல கோப்ன்ற அமைப்பை ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு பப்ளிகேஷன் எதிக்ஸ்ல ஏதாவது தகராறுன்னா எடிட்டர்கள் முதல்ல புரட்டறது கோப் போட்டிருக்கற வழிமுறைதான்.

ரொம்ப பழைய கதைன்னு தோணுச்சுன்னா கொரோனா சமயத்தை பாருங்க. சர்ஜிஸ்ஃபியர் கம்பெனியோட டேட்டாவை வச்சு லான்செட்லயும் நியூ இங்கிலாந்து ஜர்னல்லயும் வந்த ரெண்டு பேப்பரும் 2020 ஜூன் 4, ஒரே நாள்ல வாபஸ் ஆச்சு. பெரிய பெரிய பேராசிரியர்கள்தான் ஆதர்ஸ், ஆனா மூல டேட்டாவை அவங்களால சரிபாக்கவே முடியல. உங்க பேப்பர்ல நாளைக்கு ஒரு டேபிள்ல சந்தேகம்னு மெயில் வந்தா, முதல் ஆதரா இருக்கற சார் என்ன சொல்வார்னு யோசிச்சு பாருங்க, எல்லா பேஷண்ட் டேட்டாவும் இருக்கற மாஸ்டர் சார்ட் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு கூட அவருக்கு தெரியாது. அதனால இதை மேடம்கிட்ட 'எனக்கு அநியாயம் பண்றீங்க'ன்னு பேசாதீங்க, 'இது சாருக்கே ரிஸ்க் மேடம்'னு பேசுங்க.

பேச்சுக்கு உங்க கைல ஒரு நல்ல துருப்பு இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியறதே இல்ல. ப்ரொமோஷனுக்கு முதல் ஆதராதான் இருக்கணும்னு ரூல் கிடையாது. மருத்துவக் கல்வியை கண்காணிச்ச எம்சிஐ 2020ல கொண்டு வந்து, அதுக்கு பதிலா வந்த என்எம்சியும் 2022ல தொடர்ந்த விதிப்படி, முதல் மூணு ஆதர்ல ஒருத்தரா இருந்தாலோ கரஸ்பாண்டிங் ஆதரா (ஜர்னலோட கடிதப் போக்குவரத்தை பாத்துக்கறவர்) இருந்தாலோ கணக்குல வரும். புது நோட்டிஃபிகேஷன் வந்துகிட்டே இருக்கும், நடப்புல இருக்கறதை என்எம்சி சைட்ல ஒரு தடவை பாத்துட்டு பேசுங்க. அப்போ நீங்க முதல்ல, கைடா இருந்த மேடம் ரெண்டாவது, அவங்களே கரஸ்பாண்டிங் ஆதர், இதுல யாருக்கும் நஷ்டமே இல்லயே. உங்க இடத்தை பிடுங்கினா அவங்களுக்கு எக்ஸ்ட்ராவா ஒண்ணும் கிடைக்கப்போறதில்ல.

அந்த சாரை என்ன பண்றது? ஒரு வேலையும் பண்ணாம மூணாவதா போட்டாலும் அது கிஃப்ட் ஆதர்ஷிப்தான், மூணாவது இடம்ன்றதால பாவம் குறைஞ்சுடாது. ஆனா பேப்பர் இன்னும் நல்ல ஜர்னலுக்கு போகல, அதனால வழி இருக்கு. அவர் நிஜமாவே உக்காந்து டேட்டாவை திரும்ப அலசட்டும், ரிசல்ட்டுக்கு என்ன அர்த்தம்னு டிஸ்கஷன் பகுதியை மாத்தி எழுதட்டும், கடைசி வெர்ஷனை படிச்சு பொறுப்பு ஏத்துக்கட்டும். அப்போ மூணாவது ஆதர்னு கூச்சமில்லாம போடலாம். பேருக்கு ரெண்டு கமா மாத்திட்டு வந்தா அது கணக்குல வராது, அதை நீங்கதான் கறாரா பாக்கணும். நிறைய ஜர்னல்ல யார் என்ன பண்ணாங்கன்னு தனித்தனியா எழுதி எல்லாரும் கையெழுத்து போடணும், அந்த ஃபார்மை டவுன்லோட் பண்ணி மேடம் டேபிள்ல வைங்க. 'சாருக்கு என்னன்னு எழுதறது மேடம்?'னு கேளுங்க, அதுக்கு மேல நீங்க ஒண்ணும் பேச வேண்டியதில்ல. பேசி முடிவானதை அன்னைக்கே ஒரு மரியாதையான மெயிலா அனுப்பி வச்சிடுங்க, 'இன்னைக்கு பேசினபடி ஆதர் ஆர்டர் இது'ன்னு ரெண்டே வரி.

அடுத்து அந்த வாட்ஸ்அப் ஜர்னல்ல இருந்து வெளிய வர்றது. எல்லா ஆதரையும் காப்பில வச்சு, இந்த பேப்பரை வாபஸ் வாங்கறோம், பப்ளிஷ் பண்ண வேண்டாம், காப்பிரைட் எழுதி தரல, பணம் கட்டலன்னு தெளிவா மெயில் போடுங்க. வாட்ஸ்அப்ல சொல்றது பத்தாது. வாபஸுக்கு தனியா ஃபீஸ் கேப்பாங்க, லீகல் நோட்டீஸ்னு கூட மிரட்டுவாங்க, அதுக்கும் கட்டாதீங்க. பதில் வரலன்னா கொஞ்ச நாள் விட்டு இன்னொரு மெயில், எல்லாத்துக்கும் ஸ்க்ரீன்ஷாட். ஏன் இவ்ளோ சொல்றேன்னா சில பேர் காசு வராமலே பேப்பரை சைட்ல ஏத்தி விட்டுடுவாங்க, அப்புறம் நல்ல ஜர்னலுக்கு போனா டூப்ளிகேட் பப்ளிகேஷன்னு மாட்டுவீங்க. அதனால அடுத்த ஜர்னலுக்கு அனுப்பறப்போ கவர் லெட்டர்லயே நடந்ததை நாலு வரில எழுதிடுங்க. எடிட்டர்களுக்கு இது புதுசு இல்ல, மறைச்சாதான் கோவம் வரும்.

புது ஜர்னல் தேடறப்போ அவங்க சைட்ல இருக்கற லோகோவை நம்பாதீங்க. ஒவ்வொரு ஜர்னலுக்கும் தனியா இருக்கற ஐஎஸ்எஸ்என் நம்பரை எடுத்துகிட்டு நீங்களே ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களோட பட்டியலான டோஆஜ் (DOAJ) சைட், ஸ்கோபஸ்ன்ற ஜர்னல் டேட்டாபேஸோட சோர்ஸ் லிஸ்ட், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தோட கேட்டலாக்னு போய் தேடுங்க. ஸ்கோபஸ்ல இருக்குன்னா எந்த வருஷம் வரைக்கும்னு பாருங்க, பாதில தூக்கப்பட்டதுங்க நிறைய. 'எங்க பேப்பர் பப்மெட்ல (மருத்துவ பேப்பர்களை தேடற சைட்) வருது'ன்னு ஒண்ணு ரெண்டு காட்டுவாங்க, அமெரிக்க அரசு பணத்துல நடந்த ஆராய்ச்சி எந்த ஜர்னல்ல வந்தாலும் தனியா பப்மெட்ல ஏறிடும், அதனால அது ஜர்னலுக்கான சான்று இல்ல. இண்டெக்ஸ் கோப்பர்னிகஸ்ன்ற ஜர்னல் பட்டியலை ப்ரொமோஷனுக்கு 2015ல எம்சிஐ ஏத்துக்கிச்சு, 2020லயே எடுத்துட்டாங்க, ஏஜென்டுங்க இன்னும் அதை சொல்லித்தான் விக்கறாங்க. ஒரிஜினல் ஜர்னல் பேர்லயே டூப்ளிகேட் வெப்சைட்டும் நடத்தறாங்க, அதனால கூகுள்ல தேடி போகாம டோஆஜ்ல குடுத்திருக்கற லிங்க் வழியா போங்க.

உங்க காலேஜ் கிண்டி எம்ஜிஆர் யூனிவர்சிட்டில அஃபிலியேட் ஆனதுன்னா, உங்க தீசிஸ் அவங்க ஆன்லைன் ரெபாசிட்டரில ஏறியிருக்கா பாருங்க. ஏறியிருந்தா ப்ளேஜியரிசம் சாஃப்ட்வேர் அதோட மேட்ச் காட்டும், பயப்பட வேண்டாம், தீசிஸை பேப்பரா போடறதை பெரும்பாலான ஜர்னல் ஏத்துக்கும், இது என் எம்டி தீசிஸ்ல இருந்து வந்ததுன்னு சொல்லிட்டா போதும். அதே ரெகார்டுதான், இந்த வேலை யாரோடதுன்றதுக்கும் தேதி போட்ட சாட்சி.

இவ்ளோ பண்ணியும் மேடம் அசையலன்னா? அவங்க பேரை விட்டுட்டு நீங்களா அனுப்ப முடியாது, கைடுக்கும் அதுல நியாயமான பங்கு இருக்கு. ஜர்னலுக்கு புகார் எழுதினா அவங்க பஞ்சாயத்து பண்ண மாட்டாங்க, காலேஜே பேசி முடிவு பண்ணட்டும்னு திருப்பி விடுவாங்க, பேப்பர் அப்படியே நிக்கும். டீன்கிட்டயோ எதிக்ஸ் கமிட்டிகிட்டயோ போகலாம், உரிமை இருக்கு, ஆனா சர்டிபிகேட் கைக்கு வரதுக்கு முன்னாடி போங்கன்னு நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு வீட்ல இஎம்ஐ இருக்கும், எனக்கு அறிவுரை சொல்றது சுலபம். பேப்பரை கொஞ்ச மாசம் கிடப்புல போடறது தப்பு இல்ல, பொய்யான ஆதர் லிஸ்ட்ல கையெழுத்து போடறதுதான் தப்பு. அது வரைக்கும் பேஷண்ட் பேர், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) எல்லாம் நீக்கின மாஸ்டர் சார்ட், எதிக்ஸ் அப்ரூவல் லெட்டர், மேடம் திருத்தி அனுப்பின டிராஃப்ட் மெயில்கள், எல்லாத்துலயும் ஒரு காப்பி உங்ககிட்ட பத்திரமா இருக்கட்டும். கன்சென்ட் ஃபார்ம் ஒரிஜினல் டிபார்ட்மென்ட்லயே இருக்கணும், அதை மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டு போயிடாதீங்க.