கம்பைலர் இருக்கிறது, டெர்மினலுக்குத்தான் தெரியவில்லை

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். விண்டோஸ் 11 லேப்டாப்பில் விஷுவல் ஸ்டுடியோ கோட் நிறுவி, அதில் சி++ எக்ஸ்டென்ஷனும் போட்டுவிட்டேன். பழைய வீடியோ ஒன்றைப் பார்த்து மிங்டபிள்யூவும் இன்ஸ்டால் செய்தேன். ஆனாலும் டெர்மினலில் ஜி++ என்று தட்டினால், அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்கிறது. நீக்கிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தும் அதே பதில்தான். "பேசாமல் டர்போ சி++ போட்டுக்கொள்" என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில், இன்னொரு முறை நீக்கிப் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். மிங்டபிள்யூவோடு வந்த கம்பைலர், அதாவது எழுதிய நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள், உங்கள் கணினியில் அநேகமாக ஏற்கெனவே இருக்கிறது. அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது டெர்மினலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எத்தனை முறை மறுபடி நிறுவினாலும் அந்தத் தகவல் தானாகப் போய்ச் சேராது.

இங்கே தனித்தனியாக மூன்று விஷயங்கள் இருக்கின்றன. விஷுவல் ஸ்டுடியோ கோட் வெறும் எடிட்டர். நிரலை எழுதவும், வண்ணமிட்டுக் காட்டவும், தவறுகளைச் சுட்டவும் அதற்குத் தெரியும்; இயங்கும் நிரலாக மாற்றத் தெரியாது. நீங்கள் போட்ட சி++ எக்ஸ்டென்ஷனிலும் கம்பைலர் கிடையாது. பெயரைப் பார்த்துப் பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். இரண்டாவது, ஜி++ என்கிற கம்பைலர். ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கி 1987-ல் முதலில் வெளியான ஜிசிசி என்ற கம்பைலர் குடும்பத்தைச் சேர்ந்தது இது. லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸில் பிறந்த வழக்கங்களோடு வளர்ந்ததை விண்டோஸில் ஓடவைக்க மிங்டபிள்யூ-டபிள்யூ64 என்ற தனித் திட்டம் இருக்கிறது. மூன்றாவது, பாத். ஒரு கட்டளையைத் தட்டியதும் எந்தெந்த ஃபோல்டரில் தேடவேண்டும் என்று விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியல் அது. அந்தப் பட்டியலில் இல்லாத ஃபோல்டரில் டெர்மினல் எட்டிக்கூடப் பார்க்காது.

ஆகவே எதையும் தொடுமுன் கணினியிடமே கேளுங்கள். விஷுவல் ஸ்டுடியோ கோடின் உள்ளே திறக்கும் டெர்மினல் வழக்கமாக பவர்ஷெல் என்ற விண்டோஸின் கட்டளை நிரல். அதில் வேர்.இஎக்ஸ்இ (where.exe) என்று தட்டி, இடைவெளி விட்டு, ஜி++ என்று கொடுங்கள். இறுதியில் வரும் இஎக்ஸ்இ முக்கியம். வெறும் வேர் என்று மட்டும் தட்டினால் பவர்ஷெல் அதைத் தன்னுடைய வேறொரு கட்டளை என்று எடுத்துக்கொண்டு, பிழையும் சொல்லாமல் விடையும் தராமல் அடுத்த வரிக்குப் போய்விடும். நீங்களோ கம்பைலர் இல்லை என்று முடிவுகட்டிவிடுவீர்கள். சரியாகத் தட்டினால், பாத் பட்டியலில் உள்ள ஜி++ அத்தனையும் முழு முகவரியோடு வரிசையாக வரும். கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால், பாத்தில் எதுவும் இல்லை என்று பொருள். ஒன்றுக்கு மேல் வந்தால், முதலில் இருப்பதுதான் ஓடும். கோட்::பிளாக்ஸின் சில பதிப்புகள், ஸ்ட்ராபெரி பெர்ல் போன்ற மென்பொருள்களும் தங்களோடு ஒரு ஜிசிசியைக் கூட்டிக்கொண்டு வருவதால், இரண்டு மூன்று இருப்பது அதிசயமில்லை.

உங்கள் விஷயத்தில், ஏற்கெனவே போட்ட மிங்டபிள்யூவைப் பாத்தில் சேர்த்தாலே பிழை போய்விடும். ஆனால் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. பழைய வீடியோக்கள் காட்டும் அந்தப் பழைய மிங்டபிள்யூ இன்ஸ்டாலர் தருவது 2016-ல் வெளியான ஜிசிசி 6.3. அதுவும் 32 பிட். இன்று வகுப்பில் சாதாரணமாகப் புழங்கும் சி++17 (மொழியின் 2017 தரம்) வசதிகளில் பல அதில் அரைகுறை. 2021-ல் வந்த ஜிசிசி 11 முதல், தனியாக எதுவும் சொல்லாமலே சி++17-ஐத்தான் கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. படிக்கத் தொடங்கும்போதே பத்தாண்டு பழைய கருவியோடு மல்லுக்கட்ட வேண்டாம். பழையதை நீக்கிவிட்டு, இத்தகைய கருவிகளை விண்டோஸுக்குக் கொண்டுவரும் எம்சிஸ்2 என்ற மென்பொருள் வழியாகப் புதியதைப் போடுங்கள்.

எம்சிஸ்2-இன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இன்ஸ்டாலரை இறக்கி ஓட்டுங்கள். எங்கே நிறுவ என்று கேட்கும்போது சி டிரைவில் எம்சிஸ்64 என்று அதுவே காட்டும். அதை மாற்றாதீர்கள். இடைவெளி உள்ள பெயர், தமிழ் எழுத்தில் பெயரிட்ட ஃபோல்டர், நெட்வொர்க் டிரைவ் எதுவும் வேண்டாம். பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்கள், நிரல்களைச் சேமிக்கவும் சி டிரைவில் நேரடியாக ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கருவிகளில் சில இன்னும் ஆங்கிலமல்லாத எழுத்து உள்ள முகவரியில் தடுமாறுகின்றன. நம் மொழியின் பெயரையே கருவி ஏற்க மறுப்பது வருத்தம்தான், ஆனால் பாடம் தொடங்கும் நாளில் அந்தச் சண்டை உங்களுக்குத் தேவையில்லை.

நிறுவி முடித்ததும் யுசிஆர்டி64 என்ற டெர்மினல் திறக்கும். பலர் இங்கேயே வேலை முடிந்ததாக நினைத்து மூடிவிடுகிறார்கள். இதுவரை வந்தது கம்பைலரைக் கொண்டுவரும் வாகனம் மட்டுமே. கம்பைலர் இன்னும் வரவில்லை. அதை பேக்மேன் என்ற கட்டளையால் வரவழைக்க வேண்டும்: பேக்மேன், இடைவெளி, ஹைஃபன், பெரிய எழுத்தில் எஸ், இடைவெளி, பிறகு தொகுப்பின் பெயர். பெயர் நீளமானது: மிங்டபிள்யூ-டபிள்யூ64-யுசிஆர்டி-எக்ஸ்86_64-டூல்செயின். இதே வடிவில், கடைசியில் டூல்செயினுக்குப் பதில் ஜிசிசி என்று முடியும் வரி எம்சிஸ்2 தளத்தின் முகப்பிலேயே இருக்கிறது. அதை நகலெடுத்து, கடைசிச் சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். டூல்செயின் என்று கேட்டால் கம்பைலரோடு, நிரலில் தவறு தேட உதவும் ஜிடிபி டீபக்கரும் சேர்ந்து வரும். இந்த டெர்மினலில் கன்ட்ரோல்-வி ஒட்டாது. ஷிஃப்ட்டும் இன்சர்ட்டும் சேர்த்து அழுத்துங்கள், அல்லது வலது கிளிக்கில் பேஸ்ட் செய்யுங்கள். எவை வேண்டும் என்று பட்டியல் காட்டிக் கேட்டால் என்டர் தட்டினால் எல்லாம் வரும். அடுத்து ஒய் கொடுத்து என்டர்.

பெயர் நீளமாக இருக்கிறதே என்று வெறும் ஜிசிசி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தப் பெயரில் வேறொரு கம்பைலர் இருக்கிறது. அது ஆக்கும் நிரல், எம்சிஸின் டிஎல்எல் (நிரல் ஓடும்போது துணைக்கு அழைக்கும் நூலக ஃபைல்) கூடவே இருந்தால்தான் ஓடும். விண்டோஸில் தனித்து ஓடும் நிரல் வேண்டுமானால் நீளப் பெயர்தான் சரி.

இனி பாத். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் சி டிரைவ், எம்சிஸ்64, யுசிஆர்டி64, பின் (bin) என்று வரிசையாக உள்ளே போங்கள். அங்கே ஜி++ என்ற ஃபைல் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, மேலே உள்ள முகவரியை நகலெடுங்கள். கையால் தட்டவே வேண்டாம். பின் என்ற கடைசிப் பகுதி விட்டுப்போவதுதான் நான் அதிகம் காணும் தவறு. ஸ்டார்ட் மெனுவில் என்விரான்மென்ட் என்று தேடினால், உங்கள் கணக்குக்கான என்விரான்மென்ட் வேரியபிள்களைத் திருத்தும் வழி வரும். மேல் பெட்டியில் பாத் என்ற வரியைத் தேர்ந்து, எடிட், நியூ, ஒட்டு, திறந்த எல்லா ஜன்னலிலும் ஓகே. பழைய மிங்டபிள்யூவின் வரி அங்கே கிடந்தால் அதை எடுத்துவிடுங்கள். கீழ்ப் பெட்டியில் இருப்பவை மேல் பெட்டிக்கு முன்பாகத் தேடப்படும் என்பதால், பழைய வரி கீழே ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதையே ஒரே வரியில் முடிக்கலாம் என்று செட்எக்ஸ் கட்டளையைச் சொல்லித்தருபவர்கள் உண்டு. தயவுசெய்து பாத்துக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். 1024 எழுத்துக்கு மேல் நீளும் மதிப்பை அது வெட்டிவிடும். நாலைந்து மென்பொருள் போட்ட கணினியில் பாத் சுலபமாக அந்த நீளத்தைத் தாண்டும். வெட்டுப்பட்டுப் போன பகுதியில் இருந்த மற்ற மென்பொருள்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகும்போது, காரணம் இதுதான் என்று யாருக்கும் தோன்றாது.

பாத்தை மாற்றியபிறகும் அதே பிழை வந்தால் பதறாதீர்கள். ஒவ்வொரு நிரலும் தான் தொடங்கும் நேரத்தில் இருந்த பாத்தின் நகலோடு வாழ்கிறது. திறந்திருக்கும் டெர்மினலுக்குப் புதுச் செய்தி போகாது. எடிட்டருக்குள் புது டெர்மினல் திறந்தாலும் போதாது, ஏனென்றால் அது எடிட்டரின் பழைய நகலைத்தான் வாங்கிக்கொள்ளும். விஷுவல் ஸ்டுடியோ கோடின் எல்லா ஜன்னல்களையும் மூடித் திறந்தபின் ஜி++, இடைவெளி, இரட்டை ஹைஃபன், வெர்ஷன் என்று கேளுங்கள். பதிப்பு எண் வந்துவிட்டால் வேலை முடிந்தது.

அடுத்த சிக்கல் உங்கள் பழைய முயற்சியிலிருந்து வரலாம். நிரல் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் விஎஸ்கோட் என்ற ஃபோல்டர் இருந்தால், பழைய கம்பைலரின் முகவரி அதில் பதிந்திருக்கும். நீங்களாக அதில் எதுவும் எழுதாதவரை அதை அழித்துவிடலாம். மறுபடி ரன் அழுத்தும்போது எந்தக் கம்பைலர் என்று கேட்டால், யுசிஆர்டி64 முகவரி உள்ள ஜி++-ஐத் தேர்ந்தெடுங்கள். ஜிசிசியைத் தேர்ந்தால் சி++ நூலகம் தானாக இணையாது. திரையில் எழுதும் சிஅவுட் எங்கே என்று இணைக்கும் கட்டத்தில் புலம்பும்.

இணைக்கும் கட்டம் என்றேன். ஜி++ தானே எல்லாவற்றையும் செய்வதில்லை. அது ஒரு மேற்பார்வையாளர். மொழிபெயர்க்க ஒரு நிரல், இயந்திரக் குறியீடாக்க ஒரு நிரல், கடைசியில் துண்டுகளை நூலகங்களோடு இணைக்க லிங்கர் என்று வரிசையாக ஆள் அனுப்புகிறது. ஜி++ ஃபைலை மட்டும் வேறிடத்துக்கு நகலெடுத்தால் ஓடாததும் இதனால்தான். பிழை யாரிடமிருந்து வருகிறது என்று பார்க்கப் பழகினால் பாதி வேலை மிச்சம். வரி எண்ணோடு இலக்கணப் பிழை சொன்னால் மொழிபெயர்ப்பவர். அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் என்று தொடங்கினால் லிங்கர்.

புதியவர்களைத் திகைக்கவைக்கும் லிங்கர் பிழை ஒன்று: அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு வின்மெயின். நீங்கள் வின்மெயின் என்று எங்குமே எழுதியிருக்கமாட்டீர்கள். மெயின் ஃபங்ஷன் இருக்கவேண்டிய இடத்தில் எதுவும் இல்லாததால் லிங்கர் விண்டோஸ் வகை தொடக்கத்தைத் தேடுகிறது. திரையில் மெயின் தெளிவாகத் தெரிகிறதே என்பீர்கள். எடிட்டரின் டேபில் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஃபைல் இன்னும் சேமிக்கப்படவில்லை. கம்பைலர் படித்தது வட்டில் உள்ள வெற்று ஃபைலை. கன்ட்ரோல்-எஸ் போதும். ஃபைல் மெனுவில் ஆட்டோ சேவ் என்பதைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

இன்னொன்று பெர்மிஷன் டினைட். நிர்வாகி அனுமதி கேட்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். முந்தைய முறை ஓட்டிய நிரல் உங்கள் உள்ளீட்டுக்காக இன்னும் காத்துக்கொண்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலின் மேல் எழுத விண்டோஸ் விடாது. அந்த டெர்மினலில் கன்ட்ரோல்-சி அழுத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

டர்போ சி++ பற்றி. அது தன் காலத்தில் அருமையான கருவி. எத்தனையோ பேர் அதில்தான் நிரல் எழுதக் கற்றார்கள். ஆனால் இன்றும் புழங்கும் 3.0 பதிப்பு 1991-ல் வந்தது. சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் வந்ததே 1998-ல்தான். 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது. பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் ஓடவைக்க வேண்டும். இன்றைய சி++-இல் சாதாரணமான நேம்ஸ்பேஸ் இல்லை, பூல் இல்லை, வெக்டர் இல்லை. அதில் முழு எண்ணை வைக்கும் இன்ட் வெறும் 2 பைட், 32,767-க்கு மேல் பிடிக்காது. ஃபேக்டோரியல் நிரலில் 7 கொடுத்தால் 5,040 சரியாக வரும். 8 கொடுத்தால் 40,320-க்குப் பதில் -25,216 வந்து நிற்கும், உங்கள் நிரலில் ஒரு தவறும் இல்லாமலே. ஆய்வகத் தேர்வு அதில்தான் என்றால் அந்தத் தேர்வுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கற்பது ஜி++-இல் இருக்கட்டும்.

மற்றவர்களுக்கு: உபுன்டு, டெபியன் வைத்திருந்தால் ஏபிடி வழியாக பில்ட்-எசென்ஷியல் தொகுப்பு ஒன்றே போதும், பாத் தொல்லையே இல்லை. ஃபெடோராவில் ஜி++ இருக்கும் தொகுப்பின் பெயர் ஜிசிசி-சி++. மேக்கில் எக்ஸ்கோட்-செலக்ட் கட்டளையோடு இரட்டை ஹைஃபன் இன்ஸ்டால் கொடுத்தால் ஆப்பிளின் கருவிகள் வரும். அங்கே ஜிசிசி என்று தட்டினாலும் ஓடுவது கிளாங் என்ற வேறொரு கம்பைலர்தான், படிப்புக்கு அதனால் குறையொன்றுமில்லை.

நிரல் ஓடத் தொடங்கியதும் அதை நண்பருக்கு அனுப்பத் தோன்றும். அவர் கணினியில் லிப்எஸ்டிடிசி++-6 என்ற டிஎல்எல் இல்லை என்று வரும், ஏனென்றால் அது உங்கள் பின் ஃபோல்டரில்தான் இருக்கிறது. கம்பைல் செய்யும் வரியில் ஹைஃபன் ஸ்டாட்டிக் என்று சேர்த்து ஆக்குங்கள். ஃபைல் கொஞ்சம் பெருக்கும், ஆனால் அவரிடமும் ஓடும்.