நொய்யல் கரையில ரோமானிய காசு: வாசகர் கேள்வியும் பதிலும்

போன இதழ்ல கோயம்புத்தூர் பக்கம் வெள்ளலூர்ல கெடைச்ச ரோமானிய வெள்ளிக்காசு புதையல் பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு இத்தன கடிதம் வரும்னு நெனைக்கலீங்க. எல்லாத்துக்கும் இடம் பத்தாது, இப்போதைக்கு ஆறு கேள்வி மட்டும் எடுத்துருக்கேன்.

எங்க அம்மாயி வீட்டு அடுக்குப்பானைக்குள்ள ஒரு வெள்ளிக்காசு கெடைச்சுது. கறுத்துப்போயி கெடக்குது. ஒரு பக்கம் தலையில இலைமாலை வச்ச ஆம்பள முகம், மறுபக்கம் ஒரு பொம்பள உக்காந்திருக்கா. ரோமானிய காசுன்னு எப்படி தெரிஞ்சுக்கறது? புளி போட்டு தேய்ச்சா எழுத்து தெளிவா தெரியுமா?
- வாசகி, சூலூர்

அம்மிணி, மொதல்ல அந்த புளிய கீழ வைங்க. எனக்கு இருவது வயசு இருக்கறப்ப எங்க மாமா இதே மாதிரி ஒரு காசு குடுத்தாரு, நான் புளியும் சாம்பலும் போட்டு ஒரு மணி நேரம் தேய்ச்சேன், பளபளன்னு வந்துச்சு ஆனா மூக்கு போச்சு, ஓரத்துல இருந்த எழுத்து பாதி போச்சு, ரெண்டாயிரம் வருசம் மண்ணு அழிக்காதத நான் ஒரு மத்தியானத்துல அழிச்சுட்டேன். இன்னிக்கும் அந்த காச எடுத்து பாத்தா மனசு கேக்கறதில்லீங்க. அந்த கறுப்பு அழுக்கு இல்ல, வெள்ளி தனக்குத்தானே போட்டுக்கிட்ட போர்வை. மண்ணு ஒட்டியிருந்தா பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்ட் வாட்டர்ல ஊறப்போடுங்க, அது போதும். எலுமிச்சை, பித்தளை பாலிஷ், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம்.

இனி காசுக்கு வரலாம். பக்கத்துல நகைப்பட்டறை இருந்தா எடை போட்டு வாங்குங்க. அந்த காலத்து ரோமானிய வெள்ளிக்காசுக்கு தினாரியஸ்னு பேரு, எடை 3.7 கிராம்ல இருந்து 3.9 வரைக்கும் வரும், தேஞ்சிருந்தா கொஞ்சம் குறையும். குறுக்களவு 18, 19 மில்லிமீட்டர், இப்ப இருக்கற ஒத்த ரூபாயவிட சின்னது. அப்பறம் பொழுது சாயற நேரத்துல ஜன்னல் ஓரமா வச்சு, வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி மெதுவா திருப்பி பாருங்க, நேரா பாக்கறப்ப தெரியாத எழுத்தெல்லாம் நெழல்ல எந்திரிச்சு வரும். வார்த்தைக்கு நடுவுல இடைவெளியே விட்டிருக்க மாட்டாங்க, 'யு' எழுத்துக்கு பதிலா 'வி' தான் இருக்கும், அதனால ரோமோட மொத பேரரசர் ஆகஸ்டஸ்ங்கற பேரு பாக்க வேற மாதிரி இருக்கும், பயந்துராதீங்க.

நீங்க சொல்ற அடையாளத்த பாத்தா திபேரியஸ் காசா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. ஆகஸ்டஸுக்கு அப்பறம் கி.பி. 14ல இருந்து 37 வரைக்கும் ரோம ஆட்சி பண்ணின பேரரசரு. தலைய சுத்தி 'டி சீசர் டிவி ஆக் எஃப் ஆகஸ்டஸ்'னு இருக்கும், தெய்வமான ஆகஸ்டஸோட மகன் திபேரியஸ்னு அர்த்தம். பின்பக்கம் 'பாண்டிஃப் மாக்ஸிம்', அதாவது தலைமைப் பூசாரி. அந்த பொம்பள ஒரு கையில நீளமான கோலும் இன்னொரு கையில இலைக்கொத்தும் வச்சிருப்பா, திபேரியஸோட அம்மா லிவியாவத்தான் அப்படி காட்டியிருக்காங்கன்னு நெறய பேரு சொல்றாங்க. அவ உக்காந்திருக்கற நாற்காலியோட கால கவனிங்க: சிலதுல வெறும் குச்சி மாதிரி இருக்கும், சிலதுல கடைஞ்செடுத்த மாதிரி வேலைப்பாடா இருக்கும், அத வச்சே எந்த வகைன்னு பிரிக்கறாங்க. பின்பக்கம் பொம்பளைக்கு பதிலா ரெண்டு பசங்க நின்னுக்கிட்டு நடுவுல கேடயமும் ஈட்டியும் இருந்தா அது ஆகஸ்டஸ் காசு, அவரோட பேரப்பசங்க காயஸ், லூசியஸ். நம்ம பக்கம் கெடைக்கறதுல ரொம்ப ஜாஸ்தி இந்த ரெண்டு வகைதாங்க. அமெரிக்கன் நியூமிஸ்மேட்டிக் சொசைட்டி நெட்ல இலவசமா ஒரு தேடல் பக்கம் வச்சிருக்காங்க, தெரியற எழுத்த மட்டும் போட்டு தேடினாலும் படத்தோட வரும்.

எங்கியோ இருக்கற ரோமுக்கும் நம்ம கொங்கு நாட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?
- வாசகர், திருப்பூர்

நீங்க தெனமும் பாக்கற நொய்யல்தாங்க சம்பந்தம். மேற்குத்தொடர்ச்சி மலையில பாலக்காட்டு கணவாய் ஒண்ணுதான் அகலமா தெறந்து கெடக்குது, கேரளக் கரையில இருந்த முசிறி துறைமுகத்துல எறங்கின சரக்கும் காசும் அது வழியா உள்ள வந்து நொய்யல் கரையோரமாவே கரூர் வரைக்கும் போச்சு. மலையில மெளகு, காங்கேயம் பக்கம் படியூர்ல பச்சக்கல்லு, கொடுமணல்ல கல்லு பட்டை தீட்டற பட்டறையும் இரும்பு உருக்கற உலையும். அங்க தோண்டினப்ப பாதி செஞ்சு பாதி விட்ட மணியெல்லாம் கெடைச்சிருக்குது. 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்'னு அகநானூறு சொல்றதுல கறின்னா மெளகுங்க. இந்தியா வருசத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இழுத்துக்குதுன்னு ரோம்ல பிளினிங்கற எழுத்தாளரு பொலம்பி எழுதி வச்சிருக்காரு, நாலு செஸ்டர்ஸ் ஒரு தினாரியஸ்.

வெள்ளலூர்ல மட்டும் 1842, 1891, 1931னு மூணு தடவ வெள்ளிக்காசு பொதையல் வந்திருக்குது, மொத தடவையே 500க்கு மேல. பெரும்பாலும் ஏன் ஆகஸ்டஸ், திபேரியஸ் காசாவே இருக்குதுன்னு கேட்டா, கி.பி. 64 வாக்குல நீரோ மன்னன் தினாரியஸோட எடையையும் வெள்ளியையும் குறைச்சான், நம்மாளுக பழைய நல்ல வெள்ளியத்தான் வாங்கினாங்கன்னு ஆய்வாளருங்க சொல்றாங்க. எனக்கும் அதுதான் சரியா படுது, யாவாரத்துல நம்ம ஊருக்காரங்க எடை பாக்காம எதையும் வாங்கினதில்ல.

மெட்டல் டிடெக்டர் வாங்கி ஆத்தங்கரையில தேடலாமா?
- வாசகர், காங்கேயம்

வேண்டாங்க. பாதுகாக்கப்பட்ட எடத்துல அனுமதியில்லாம தோண்டறது குத்தம். அது ஒரு பக்கம் இருக்கட்டும், காசு எந்த ஆழத்துல, எந்த பானை ஓட்டுக்கு பக்கத்துல இருந்துச்சுங்கறதுதான் அதோட கதை. புடுங்கி எடுத்துட்டா காசு மட்டும்தான் மிஞ்சும், கதை மண்ணோட போயிரும்.

ரொட்டவேட்டர் ஓட்டறப்ப ஒரு கலயம் ஒடைஞ்சு பத்துப்பதினஞ்சு காசு செதறுச்சு. வெளிய சொன்னா புடுங்கிக்குவாங்கன்னு வீட்ல பயப்படறாங்க.
- வாசகர், தாராபுரம்

இந்த பயத்தாலதாங்க எத்தனையோ போயிருச்சு. எனக்கு தெரிஞ்ச ஒரு குடும்பம் இப்படி பயந்துக்கிட்டு ஒரு பட்டறையில குடுத்து உருக்கி கொலுசு பண்ணிருச்சு. நான் விசயம் கேள்விப்பட்டு போறதுக்குள்ள ஒரே ஒரு காசுதான் பாக்கி, கொழந்த வெளையாடறதுக்கு வச்சிருந்தது. அதுல ஆகஸ்டஸ் முகம் அவ்வளவு தெளிவா இருந்துச்சு, மத்ததெல்லாம் எப்படி இருந்துச்சோன்னு இன்னும் நெனைச்சுக்கறேன்.

1878ல வந்த புதையல் சட்டம் இருக்குது. மண்ணுக்குள்ள கெடைச்சது பத்து ரூபாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்கு எழுதி குடுக்கணும்: என்ன கெடைச்சுது, எங்க, எந்த தேதி. விஏஓ கிட்ட சொன்னா வழி காட்டுவாரு. அரசாங்கம் எடுத்துக்கிட்டா பொருளோட மதிப்பும் அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கும் சேத்து தரணும்னு சட்டத்துலயே இருக்குது. சொல்லாம மறைச்சா பங்கும் போகும், தண்டனையும் உண்டு. கலயத்தோட ஓட்ட தூக்கி வீசிராதீங்க, அதையும் பொறுக்கி வைங்க. காசு கெடைச்ச எடத்துல ஒரு கல்லு நட்டு, ஃபோன்ல லொக்கேஷனும் ஃபோட்டோவும் எடுத்து வச்சுட்டு, அந்த வயல்ல ரெண்டு நாளைக்கு வண்டி ஓட்டாதீங்க.

ஆன்லைன்ல ரோமானிய காசு 500 ரூபாய்க்கு தர்றாங்க. நம்பலாமா?
- வாசகர், சேலம்

விளிம்ப சுத்தி கோடு மாதிரி ஒட்டு தெரிஞ்சா அச்சுல வாத்த போலி, மேல பொடிப்பொடியா குமிழி ஓட்டை இருந்தாலும் அப்படித்தான். நெசக்காசு சுத்தியல் அடி வாங்கினது, வட்டமே சரியா இருக்காது, படமும் நடுவுல உக்காராது. ஒரே எடத்துல ஒரே கீறலோட ரெண்டு காசு பாத்தீங்கன்னா ரெண்டையும் வாங்காதீங்க.

எங்க அப்பா அமராவதி ஆத்துல எடுத்த சின்ன சின்ன செம்புக்காசு இருக்குது, சுண்டுவெரல் நகம் அளவுதான். குப்பைன்னு வீட்ல சொல்றாங்க.
- வாசகி, கரூர்

குப்பை இல்லீங்க அம்மிணி! கி.பி. நாலு, அஞ்சாம் நூத்தாண்டுல ரோமானியருங்க போட்ட செம்புக்காசு இதே அளவுலதான் இருக்கும், 10ல இருந்து 15 மில்லிமீட்டர், கரூர் ஆத்துலயும் நெறய கெடைச்சிருக்குது. லென்ஸ் வச்சு பாருங்க, குதிரையில இருந்து விழறவன ஒரு வீரன் ஈட்டியால குத்தற மாதிரி இருக்கா, இல்ல மூணு பேரு வரிசையா நிக்கறாங்களான்னு. இன்னொன்னு, அதுக்குள்ள ஒரு வெள்ளிக்காசு கலந்திருந்து, ஒரு பக்கம் ரோமானிய பாணியில தலையும் மறுபக்கம் வெறுமையாவும் இருந்தா எழுத்த நல்லா பாருங்க: அது லத்தீன் இல்ல, தமிழ் பிராமியில 'மாக்கோதை'ன்னு இருக்கலாம், நம்ம சேரன் காசு!

செம்புல வெளிர்பச்சையா மாவு மாதிரி பூத்திருந்தா அத தனியா பிரிச்சு வைங்க, பக்கத்து காசுக்கும் பரவலாம். மெத்துன்னு இருக்கற பிவிசி கவர்ல போடாம பேப்பர் கவர்ல ஒண்ணொண்ணா போட்டு, ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட காத்து போகாத டப்பாவுல மூடி வைங்க. கரூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை கொண்டு போயி காட்டுங்க. அதுக்கு முன்னாடி அப்பா எந்த படித்துறை பக்கம் எடுத்தாருன்னு கேட்டு ஒவ்வொரு கவர் மேலயும் அவரு கையாலயே எழுதி வாங்கிருங்க.