அரிசியை ஒதுக்குமுன் மருந்துச் சீட்டை எடுங்கள்

பினாங்கு தாவரவியல் பூங்காவில் காலை நடக்கும் நம் குழுவில் சில மாதமாக ஒரே பேச்சு: ஆதிமனிதன் சாப்பாடு, 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போடுவது. ஆளுக்கொரு கேள்வி எழுதிக் கொடுத்தீர்கள். 31 ஆண்டு அரசாங்கக் கிளினிக்குகளில் தாதியாக இருந்தவள் நான். கடைசி 12 ஆண்டு இனிப்புநீர்ப் புண்களைக் கழுவிக் கட்டுப்போடுவதே வேலை. 52 வயதில் 84 கிலோ இருந்தேன். இந்த முறையில் 14 மாதத்தில் 69க்கு இறங்கினேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் கையில்.

பேலியோ, பிரைமல், கீட்டோ எல்லாம் ஒன்றுதானா அக்கா? (ஆயர் ஈத்தாம், 38 வயது)

பங்காளிகள் என்று சொல்லலாம் தங்கச்சி. மனித உடம்பு வேளாண்மைக்கு முந்திய சாப்பாட்டுக்குப் பழகியது என்று பாய்ட் ஈட்டன், மெல்வின் கோனர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1985இல் எழுதினார்கள். பேலியோ அங்கிருந்து வளர்ந்தது: மீன், இறைச்சி, முட்டை, காய், கனி, கொட்டை உண்டு, அரிசி, கோதுமை, பருப்பு, சீனி, பால் கிடையாது. பிரைமல் வழி கொஞ்சம் தளர்த்தி, வெண்ணெய், தயிர், சீஸை அனுமதிக்கிறது. கீட்டோவுக்கு ஆதிமனிதன் கணக்கே இல்லை. ஒரு நாளைக்கு மாவுச்சத்து 50 கிராமுக்குள், பலருக்கு 20 கிராமுக்குள் என்பதே அதன் விதி.

ஆதிமனிதன் கதையை நான் அப்படியே நம்புவதில்லை. நம் பக்கத்து மாநிலத்திலேயே லெங்கோங்கில், 10,000 ஆண்டுக்கு மேற்பட்ட பேராக் மனிதனின் எலும்புக்கூட்டை 1991இல் எடுத்தார்கள். அவனோடு கிடந்தவை ஆற்று நத்தை ஓடுகள். செபராங் பிறையில் குவார் கெப்பாவில் குவிந்து கிடந்ததும் சிப்பி ஓடுதான். ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் கிடைத்ததைத் தின்றிருக்கிறார்கள். ஈராக்கில் கிடைத்த நியாண்டர்தால் பற்களின் காரையில் காட்டு வாற்கோதுமையும் பருப்பு வகையும் ஒட்டியிருந்ததை 2011இல் கண்டுபிடித்தார்கள். அதனால் பருப்பை விஷம் போல ஒதுக்க வேண்டாம். இந்த முறை பலருக்குப் பலன் தருவதற்குக் காரணம் எளிது. சீனித் தண்ணீரும் மைதாவும் பொரித்த பலகாரமும் தட்டைவிட்டுப் போகின்றன, புரதம் கூடுகிறது, பசி அடங்குகிறது.

கிளிக்லசைடும் மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறேன். போன வாரம் பசியாறலை விட்டேன். பத்து மணிக்குக் கை நடுங்கி, சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்தது. கொழுப்பு கரைகிற அறிகுறியா? (பிறை, லோரி ஓட்டுநர், 47)

இல்லை தம்பி. அது சீனி இறங்கியதற்கான அறிகுறி. இனி அப்படி ஒரு நாள்கூடச் செய்யாதீர்கள்.

கிளிக்லசைட் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. நீங்கள் சாப்பிடாவிட்டாலும் அது வேலை செய்யும், இரத்தத்தில் உள்ள சீனி கீழே போகும். மெட்ஃபார்மின் தனியாக அப்படி இறக்குவது அரிது. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு வேறொரு பயம் உண்டு. மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டினாலோ நெடுநேரம் பட்டினி கிடந்தாலோ இரத்தத்தில் அமிலம் ஏறலாம். அப்போது சீனி அளவு ரொம்ப ஏறாமலே இருக்கும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சீனி பார்க்கும் கருவியில் 4 mmol/Lக்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறவில்லையென்றால் திரும்பவும் கொடுக்க வேண்டும். ஏறிய பிறகு கொஞ்சம் சாப்பாடு. லோரி ஓட்டும்போது நடுக்கம் வந்தால் முதலில் ஓரமாக நிறுத்துங்கள். பட்டர்வொர்த் நெடுஞ்சாலையில் நீங்கள் மயங்கினால் போவது உங்கள் உயிர் மட்டுமில்லை.

என் மாமனார் ஒரு ஏகாதசியன்று யாரிடமும் சொல்லாமல் விரதம் இருந்து மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டார். நான் வேலை முடிந்து வந்தபோது பேச்சு குழறிக் கிடந்தார். கருவியில் 2.4. அன்றிலிருந்து யார் என்னிடம் டயட் பற்றிக் கேட்டாலும் முதலில் மருந்துப் பையைத்தான் கேட்கிறேன். நீங்கள் இந்த வழியில் போகலாம், ஆனால் டாக்டரிடம் சொல்லி, மாத்திரையின் அளவை மாற்றி, அதன் பிறகு. இரத்த அழுத்த மாத்திரைக்கும் இதையே சொல்வேன். எடை இறங்கினால் அழுத்தமும் இறங்கும். பழைய அளவையே போட்டால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும்.

ஃபேக்டரியில் இரவு 7 முதல் காலை 7 வரை ஷிஃப்ட். 16 மணி நேர விரதத்தை எப்படிப் பிடிப்பது? (பாயான் லெப்பாஸ், 29)

நீங்கள் எழுந்திருப்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள். மதியம் மூன்று மணிக்கு எழுந்தால் நாலு மணிக்கு முதல் சாப்பாடு, வேலைக்குப் போகுமுன் கொஞ்சம், நள்ளிரவு இடைவேளையில் கடைசி. அதற்குமேல் தண்ணீர், சீனியில்லாத கோப்பி. காலை ஏழரைக்கு வெளியே வந்ததும் நண்பர்களோடு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறீர்களே, அதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

16 என்ற எண்ணுக்காக உயிரைவிட வேண்டாம். 2022இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில், குவாங்சோவில் 139 பேரை ஓராண்டு கவனித்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாடு. ஒரு பாதிப் பேர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரைதான் சாப்பிடலாம். நேரக் கட்டுப்பாடு இருந்தவர்கள் சராசரி 8 கிலோ, மற்றவர்கள் 6.3 கிலோ இறங்கினார்கள். அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்க முடியாது என்பதே ஆய்வின் முடிவு. நேரத்தைச் சுருக்கினால் பலருக்குத் தானாகவே சாப்பாடு குறைகிறது, அதுதான் அதன் பலம். 12 மணி நேரம் பிடிக்க முடிகிறதா, அதில் ஆரம்பியுங்கள்.

வெளியில்தான் சாப்பாடு. நாசி கண்டார் கடையில் என்ன செய்வது? (ஜெலுத்தோங், 34)

எனக்குப் பிடித்த கேள்வி. பினாங்கில் இருந்துகொண்டு நாசி கண்டாரை விலக்கு என்று சொல்ல எனக்கு மனமில்லை.

அந்தக் கடை உண்மையில் இந்த முறைக்குத் தோதான இடம். கண்ணாடிக்குப் பின்னால் கோழி, மீன், இறால், கணவாய், அவித்த முட்டை, வெண்டைக்காய், முட்டைகோஸ் என்று எல்லாம் இருக்கிறது. இடையூறு சோறும் குழம்பு வெள்ளமும்தான். தட்டில் 300 கிராம் சோறு விழுந்தால் அதில் மாவுச்சத்து மட்டும் 80 கிராம் அளவுக்கு வரும், அதாவது 16 தேக்கரண்டி சீனிக்குச் சமம். "நாசி சிக்கிட்", சோறு கொஞ்சம், என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் அகப்பையைச் சோற்றில் விட்ட பிறகு சொல்லிப் பயனில்லை. இரண்டு காய், ஒரு மீன் அல்லது கோழி, ஒரு முட்டை. குழம்பு ஒரே ஒரு வகை, அரை அகப்பை. பொரித்த கோழியின் மாவுப் பொருக்கை ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது கிளாஸ். தே தாரிக்கில் இருப்பது கெட்டிப்பால். "கூராங் மானிஸ்", இனிப்பு குறைவாக, என்று சொன்னாலும் இனிப்பு முழுதாகப் போகாது. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங், கோப்பி ஓ கொசோங் கேளுங்கள், பால் வேண்டுமென்றால் தே சி கொசோங். முதல் பத்து நாள் நாக்கு முரண்டு பிடிக்கும், எனக்கும் பிடித்தது. அதற்குப் பிறகு பழைய தே தாரிக்கைக் குடித்தால் பாயசம் குடித்த மாதிரி இருக்கும்.

காலை ரொட்டி சானாய் ஒன்று ஏறக்குறைய 300 கலோரி; இரண்டு தின்று பருப்புக் குழம்பும் ஊற்றினால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் இரண்டு அரைவேக்காட்டு முட்டை கேளுங்கள். எல்லாக் கோப்பிக் கடையிலும் கிடைக்கும்.

காலையில் 100 பாதாம், வெண்ணெய் போட்ட கோப்பி. கட்டுப்படியாகவில்லை, எடையும் நின்றுவிட்டது. (புக்கிட் மெர்தாஜாம், 41)

100 பாதாம் என்றால் 120 கிராம், கிட்டத்தட்ட 700 கலோரி. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் இன்னொரு 100. மதியத்துக்கு முன்பே 800 கலோரி உள்ளே போய்விட்டது. எடை நிற்காமல் என்ன செய்யும்? பாதாமை 15ஆகக் குறைத்து, வெண்ணெயை நிறுத்திவிடுங்கள்.

பணத்துக்கு வழி சொல்கிறேன். சௌராஸ்தா சந்தையில் சால்மன் தேடாதீர்கள், கெம்போங் மீன், அதாவது கானாங்கெளுத்தி, வாங்குங்கள். அதே நல்ல கொழுப்பு அதிலும் இருக்கிறது. முட்டை, கோழித் தொடை, நெத்திலி, தௌஃபு, தெம்பே போதும். சோயா பேலியோவில் இல்லை என்று சிலர் என்னைத் திட்டுவார்கள். 100 கிராம் தெம்பேயில் 19 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, பட்ஜெட்டும் தாங்கும். நான் சாப்பிடுகிறேன். காய்க்குக் கங்கோங், வெண்டை, புடலை, வல்லாரை. வல்லாரைக்குத் தேங்காய்ப்பூ போட்டுப் பச்சையாகவே பிசைந்தால் ஒரு சட்டி காலியாகும்.

முதல் வாரம் மூன்று கிலோ, இரண்டாம் வாரம் அரைக் கிலோகூட இல்லை. தலைவலி வேறு. (நிபோங் தெபால், 36)

முதலில் போனது பெரும்பாலும் தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேமித்த மாவுச்சத்து அரைக் கிலோ அளவுக்கு இருக்கும்; அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் உப்பும் போகின்றன, தலைவலி அதனால்தான். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இல்லையென்றால் உப்புப் போட்ட ரசம் ஒரு கிண்ணம் குடியுங்கள். இனி வாரம் அரைக் கிலோ இறங்கினால் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். தராசைவிட இடுப்பு நாடாவை நம்புங்கள்: நம் இனத்தாருக்கு ஆண் 90, பெண் 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

என் மகளுக்கு 15 வயது, 70 கிலோ. பள்ளியில் கேலி செய்கிறார்கள். விரதம் வைக்கலாமா? (ஆயர் ஈத்தாம், ஒரு அம்மா)

வேண்டாம். வளரும் பிள்ளை. வயிற்றைக் காயப்போடப் பழகினால் பின்னால் சாப்பாட்டோடு சண்டை தொடங்கிவிடும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டில் பாக்கெட் பானம் வாங்குவதை எல்லோருக்கும் நிறுத்துங்கள், அவளுக்கு மட்டும் இல்லை. தராசை அலமாரியில் வையுங்கள். மாலையில் அவளோடு நீங்கள் நடங்கள். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இந்த விரதம் கிடையாது.

தைப்பூசத்துக்கு 48 நாள் சைவம். இந்த முறையை விட்டுவிடவா? (தண்ணீர்மலை அடிவாரம், 31)

எதற்கு விட வேண்டும்? ஒருவேளைச் சாப்பாடும் மாலைப் பூசையும் இருந்தால் நேரக் கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பன்னீர், தயிர், தௌஃபு, தெம்பே, சுண்டல், கீரை. விரதம் என்று சொல்லிக்கொண்டு வடை, கேசரி, சர்க்கரைப் பொங்கல் மூன்றும் தட்டில் விழுவதைத்தான் கவனிக்க வேண்டும். காவடி எடுக்கிற அன்று உடம்புக்குத் தண்ணீரும் உப்பும் தேவை, அன்று எந்தக் கணக்கும் போடாதீர்கள்.

ரமலான் நோன்பு வைப்பவன். அதுவும் இதுவும் ஒன்றா? (லெபு பந்தாய், 58)

நோன்பு வழிபாடு பாய், எடைக்காக வைப்பதில்லை. அதில் 13 மணி நேரத்துக்கும் மேல் தண்ணீரும் கிடையாது. இந்த முறையில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சீனி மாத்திரை எடுப்பவர் என்றால் நோன்புக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள், வேளையையும் அளவையும் மாற்றித் தருவார்கள். நோன்பில் குருதி குத்திப் பார்ப்பது நோன்பை முறிக்காது என்று மலேசிய மார்க்க அறிஞர்களும் ஏற்கிறார்கள்.

பத்துக் கிலோ இறங்கியது, ஆனால் கெட்ட கொழுப்பு 3.1இலிருந்து 5.4க்கு ஏறிவிட்டது. பேலியோக்காரர்கள் பயப்படாதே என்கிறார்கள். (பத்து ஃபெரிங்கி, 44)

பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். மாவைக் குறைத்து நெய், வெண்ணெய், தேங்காய்ப்பாலைக் கூட்டும்போது சிலருக்கு எல்டிஎல் என்கிற இந்தக் கெட்ட கொழுப்பு இப்படித்தான் ஏறுகிறது. எடை குறைந்ததால் அது பாதகமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் அப்பாவுக்கு 50 வயதில் மாரடைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், அதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டாம். வெண்ணெயையும் கொழுப்பு இறைச்சியையும் குறைத்து மீனையும் கொட்டையையும் கொஞ்சம் பருப்பையும் சேருங்கள். இரண்டு மாதத்தில் மறுபடி இரத்தம் எடுத்துப் பாருங்கள், டாக்டர் மாத்திரை சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடி கொட்டுகிறது. (பெயர் வேண்டாம்)

வேகமாக எடை இறங்கி இரண்டு மூன்று மாதத்தில் பலருக்கு வரும், திரும்ப வளரும். புரதம் போதுமா பாருங்கள், இரும்புச்சத்தும் தைராய்டும் சோதித்துவிடுங்கள்.

எனக்கு 71. தனியாக இருக்கிறேன். மகள் சிங்கப்பூரிலிருந்து இந்த விரதத்தைச் செய்யச் சொல்கிறாள். முட்டி வலிக்கு எடை குறைய வேண்டுமாம். (சுங்கை டுவா, பாட்டி)

உங்கள் வயதில் வேளையைத் தவிர்த்தால் கொழுப்போடு தசையும் போகும். தசை போனால் விழுவோம், இடுப்பு முறியும். மூன்று வேளையும் சாப்பிடுங்கள் அம்மா. ஒவ்வொரு வேளையிலும் ஒரு முட்டையோ மீன் துண்டோ ஒரு கிண்ணம் தயிரோ இருக்கட்டும். சோற்றை ஒரு கைப்பிடி குறையுங்கள், மாலை பிஸ்கட்டை விடுங்கள். நாற்காலியைப் பிடிக்காமல் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. முடியாவிட்டால் மேசையைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். மகளின் எண்ணை எனக்குக் கொடுங்கள், நான் பேசுகிறேன். வியாழக்கிழமை பூங்காவுக்கு வரும்போது மருந்துப் பையையும் எடுத்து வாருங்கள். நடந்து முடித்து, பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.