கிறிஸ்தவக் கவிதையில் நொய்யல் வரலாமா?

கேள்வி: "விசுவாசம், இயற்கை, அன்றாடக் கஷ்டம் மூணையும் கலந்து கவிதை எழுதறேன். சபையில காட்டினா 'இதுல துதியே இல்லையே'ங்கறாங்க. இது கிறிஸ்தவக் கவிதைதானா?"

காட்டிட்டீங்களா? யார்கிட்டக் காட்டியிருப்பீங்க, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிட்டு அவர் எப்படிப் பார்த்திருப்பார்னு இங்கிருந்தே தெரியுதுங்க.

நான் சோமனூர்ப் பக்கம். வீட்டை ஒட்டின குடோன்ல எட்டுத் தறி, எல்லாம் கூலிக்கு ஓட்டறது. பல வருஷம் முன்னாடி எங்க சபைக் கிறிஸ்துமஸ் மலருக்கு ஒரு கவிதை கொடுத்தேன். ராத்திரி கரண்ட் போகுது. எட்டுத் தறியும் ஒண்ணா நின்னா காது அடைச்ச மாதிரி இருக்கும், அப்புறம்தான் நொய்யல் ஆத்துப் பக்கம் தவளை கத்தறது கேக்கும். அப்பா டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு, அறுந்த பாவு இழையோட ரெண்டு முனையையும் எச்சில் தொட்டு உருட்டி முடி போடுவார். துணியில அந்த இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. எழுதினது இவ்வளவுதான்:

அறுந்தது எங்கே, எனக்குத் தெரியவில்லை
எச்சில் தொட்டு முடிபோடும் உம் விரலுக்குத் தெரியும்
நொய்யல் தவளைகள் கத்துகின்றன
கரண்ட் இன்னும் வரவில்லை, ஆண்டவரே.

மலர் வந்துச்சு. நொய்யல், வேதத்துல வர்ற யோர்தான் நதி ஆகியிருந்துச்சு. தவளை புறா ஆயிருச்சு. எச்சிலைக் காணோம். கடைசி வரி "ஒளி வந்ததே, அல்லேலூயா!" அப்பா படிச்சுட்டு, "ஏங்கண்ணு, நீ எப்ப யோர்தானுக்குப் போனே?"ன்னார்.

எனக்கு விசுவாசம் இல்லைன்னு யாரும் கீழே வந்து எழுத வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஆராதனை தவறாதவன் நான். துதிப்பாட்டு வேண்டாம்னும் சொல்லலை. ஆனா யோபு 7:6 எடுத்துப் பாருங்க: "என் நாட்கள் நெய்கிறவன் எறிகிற நாடாவிலும் தீவிரமாய் ஓடுகிறது." நாடான்னா தறியில குறுக்கு நூலைக் கொண்டு ஓடறது. வேதத்துலயே நாடா ஓடுது! ஏசாயா 38-ல எசேக்கியா ராஜா சாகக் கிடந்தப்ப, நெய்கிறவன் பாவு நூலை அறுக்கற மாதிரி என் உயிர் அறுபடுதுன்னு புலம்பறார். அந்த ரெண்டு வசனத்துலயும் அல்லேலூயா கிடையாது. தறிக்காரனுக்கு விளக்கவுரையும் தேவையில்லை.

இத்தாலியில இருந்து வந்த வீரமாமுனிவர் 1726-ல தேம்பாவணி பாடினார், 3615 பாட்டு. அதோட நாட்டுப் படலத்துல யூதேயா நாட்டை நம்ம மருத நிலமாவே ஆக்கிட்டார், வயலும் தண்ணியுமா. அந்த மனுசன் யூதேயாவைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார், எங்க மலர்க் குழு நொய்யலைத் தூக்கி யூதேயாவுல போட்டுச்சு. நொய்யல் அசுத்தம்னு நினைச்சாங்களோ என்னவோ. அதுல சாயத்தை விட்டது யாருங்க? 2011-ல ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற அளவுக்குப் போனது தவளையாலயா?

இதையும் சொல்லிடறேன், உங்க கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். 2022 தொடக்கத்துல கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிக்காரங்க வாரக்கணக்கா தறியை நிறுத்தினோம். பேசி ஒத்துக்கிட்ட கூலியைக் கையில வாங்கறதுக்குள்ள உயிர் போகுதுங்க. அந்த ஞாயிறுகள்ல ஜெபக் குறிப்பு வாசிப்பாங்க. பரீட்சை எழுதற பிள்ளைங்க, விசா கிடைக்காதவங்க, மைக் செட் ரிப்பேர். தறின்னு ஒரு வார்த்தை வரலை. அங்கேயே வராதது கவிதையில வந்தா ஆகாதுதானே.

உங்க கவிதை கிறிஸ்தவக் கவிதைதான். காட்டறதுக்கு வேற ஆளைப் பாருங்க.

அந்த மலர் இன்னும் பீரோவுல இருக்கு. அப்பா பால்பாயிண்ட் பேனாவுல யோர்தானை அடிச்சுட்டு, மேலே நொய்யல்னு எழுதி வெச்சிருக்கார். புறாவை மட்டும் விட்டுட்டார். தவளை விசயத்துல அவருக்கும் கொஞ்சம் சந்தேகம் போல.